பாலேயில் கை பேச வேண்டும் என்றால்: மலையில் பயில்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலே ஆடும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது, பாதம் எப்படி நீள்கிறது, எத்தனை சுற்று சுற்றுகிறாள் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் ஆடுகிறவள் ஏங்குகிறாளா, அழைக்கிறாளா, விடைபெறுகிறாளா என்பதைச் சொல்வது கையும் கழுத்தும் கண்ணும்தான். இந்தக் கை வேலைக்குப் பாலேயில் போர் தெ பிரா என்று பெயர்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. நிலைகளை மனப்பாடம் செய்வதால் மட்டும் கை அழகாகிவிடாது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கை எந்த வழியாகப் போகிறது, எந்த மூட்டு முதலில் அசைகிறது, எது கடைசியில் வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வழியை நடத்துவது முதுகு. கீழே உள்ள பயிற்சிகள் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

பிளியே (முழங்காலை மடக்குவது), தொந்து (காலைத் தரையோடு நீட்டுவது), ரெலவே (குதிகாலை உயர்த்தி எழுவது) தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வருடமாவது வகுப்புக்குப் போயிருந்தால் நல்லது. பரதநாட்டியத்திலிருந்து பாலேக்கு வந்தவர்களுக்கும், வயது வந்த பிறகு ஆரம்பித்தவர்களுக்கும் இது உதவும். இன்னும் ஒரு வகுப்புக்குக்கூடப் போகாதவர்கள் முதலில் ஒரு ஆசிரியரைத் தேடுங்கள்.

மலையில் பயிலும் உடம்பு

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். குளிர் தாக்கியதும் உடம்பு தானாகத் தோளைக் காதுப்பக்கம் தூக்கி, மார்பைச் சுருக்கி, கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். பாலேக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. அதனால் சமவெளியில் ஐந்து நிமிடத்தில் முடியும் தயாரிப்புக்கு இங்கே பதினைந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

பள்ளிக்கூடப் பையும் ஒரு காரணம். இங்கே வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு ஏற்றம் இருக்கும். கனமான பையோடு ஏறும்போது பிள்ளைகள் பட்டைக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டு முன்னால் குனிந்தே நடப்பார்கள். தினமும் அப்படி நடந்தால் தோள் முன்பக்கம் வளைந்து அங்கேயே நின்றுவிடும். வகுப்புக்கு வந்து, “முதுகை நிமிர்த்து” என்றால் விலாவை முன்னே தள்ளுவார்களே தவிர, தோள் விரியாது. பையின் பட்டையை இறுக்கி, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் முதுகோடு ஒட்டி நிற்கும்படி செய்யுங்கள். இதற்கும் பாலேக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் நான் திருத்துவதை, மீதி நாளெல்லாம் பை திரும்ப வளைத்துக்கொண்டிருக்கிறது.

உடை பற்றி ஒரு வார்த்தை. தொளதொளவென்ற கம்பளி ஸ்வெட்டர் வேண்டாம். அதற்குள் முழங்கை எங்கே இருக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உடலோடு ஒட்டிய முழுக்கை பனியன் ஒன்றின் மேல் இன்னொன்று போட்டுக்கொண்டு, சூடேறியதும் மேலே உள்ளதைக் கழற்றிவிடலாம். சட்டைக் கை மணிக்கட்டோடு நிற்கட்டும். குளிருக்கு விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், ஆடும்போதும் விரல் உள்ளேயே மடங்கி நிற்கும்.

உடம்பைச் சூடாக்க முதலில் இடத்திலேயே நடந்து, மெல்ல ஓடி, மூச்சு கொஞ்சம் வேகமாகும் வரை காத்திருங்கள். அப்புறம் தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். கை கால்களை ஊன்றி நின்று, முதுகைக் கூனி, பிறகு தாழ்த்துங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுங்கள். குளிர்ந்த உடம்போடு கையைப் பின்னால் இழுத்து வெகுநேரம் பிடித்து நீட்டும் பயிற்சிகள் மட்டும் வேண்டாம். அவற்றை வகுப்பு முடிந்த பிறகு செய்யலாம்.

முதல் படி: முதுகிலிருந்து கையைக் கண்டுபிடிப்பது

கை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எல்லோரும் தோள்மூட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். இப்போது உங்கள் வலது கை விரலை இடது காறை எலும்பின் உள்முனையில், தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். விரலுக்கு அடியில் எலும்பு அசைவது தெரியும். உடலின் நடு எலும்புகளோடு கை மூட்டாகச் சேரும் இடம் அது ஒன்றுதான். தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் தசைகளால் மட்டுமே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு சுலபமாகச் சறுக்குகிறது, இவ்வளவு சுலபமாகக் கெட்டும் போகிறது.

தரையில் கோரைப்பாயும் அதன் மேல் ஒரு கம்பளியும் விரித்து மல்லாந்து படுங்கள். இங்கே சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறிவிடும், வெறும் பாய் போதாது. முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, இரண்டு கையையும் கூரையை நோக்கி நீட்டுங்கள். முழங்கை மடங்காமல் விரல் நுனியைக் கூரைப்பக்கம் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள். தோள்பட்டை எலும்பு இரண்டும் தரையை விட்டு விலாவைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும். பிறகு மெல்லத் திரும்பி வரட்டும். எட்டு முறை போதும். இதில் கை ஒன்றுமே செய்யவில்லை, முதுகுதான் கையை நகர்த்தியது. இந்த உணர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சுவர். குதிகாலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, இடுப்பும் மேல்முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். இரண்டு கையையும் முன்பக்கமாக மெல்ல உயர்த்தி, வளைந்த வடிவத்தில் தலைக்கு மேலே கொண்டு போங்கள். கை மேலே போகப் போக விலா முன்னால் துருத்தி, கீழ் முதுகு சுவரை விட்டு அதிகம் விலகினால், கை உயரவில்லை என்று அர்த்தம். உடம்பைப் பின்னால் சாய்த்துக் கையை மேலே காட்டுகிறீர்கள். விலா அடங்கி இருக்கும் உயரம் வரைக்கும் போய் நிறுத்துங்கள். சில வாரத்தில் அந்த உயரம் தானாகக் கூடும்.

இங்கே ஒரு கேள்வி எப்போதும் வரும். “மிஸ், தோள் மேலே போகக் கூடாதுன்னு சொன்னீங்க. கையைத் தலைக்கு மேலே தூக்கினா தோளும் கூடவே போகுதே?” நியாயமான கேள்வி. கை முழுவதும் மேலே போக வேண்டிய சுமார் 180 பாகையில் ஏறத்தாழ 120 தோள்மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. ஆக, தோள்பட்டை எலும்பு அசைந்தே தீர வேண்டும். அதை முரட்டுத்தனமாகக் கீழே அமுக்கிப் பிடித்தால் கை பாதியில் சிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், முகமும் இறுகும். “தோளைக் கீழே வை” என்று கத்துவதை நான் நிறுத்திவிட்டேன். காறை எலும்புகள் இரண்டும் இடமும் வலமுமாக நீளட்டும், காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடம் இருக்கட்டும் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

தோழியை நிற்க வைத்து, அவளுடைய தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லுங்கள். அந்த முனை முதுகின் நடுவிலிருந்து விலகி அக்குள் பக்கம் போக வேண்டும். நேராகக் காதை நோக்கி ஏறினால் கழுத்துத் தசை வேலை செய்கிறது. அப்போது கையை இறக்கி, மூச்சு விட்டு, அக்குளுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுத் தசையிலிருந்து மறுபடி தூக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைவிட இந்தக் கட்டைவிரல் நன்றாகச் சொல்லித்தரும்.

இந்த ஒரு படிக்கே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முழங்கை

பக்கவாட்டில் கையை விரித்து நிற்கும் இரண்டாம் நிலையில்தான் முழங்கை முதலில் சோர்ந்து தொங்கும். கையில் பலம் இல்லை என்று நினைத்துப் பலர் தசையை இறுக்குவார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்கை திரும்பி நிற்கும் திசைதான். கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையின் கூர்மையான முனை தரையைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது கொஞ்சம் மடக்கினால் முன்கை மேல்நோக்கி மடங்கும், முழங்கை கீழே தொங்கும். அடுத்து மேல்கையை மட்டும் உள்பக்கமாகத் திருப்பி, அந்த முனை பின்சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது மடக்கினால் கை முன்பக்கமாக வளையும். பாலேக்கு வேண்டிய வளைவு இதுதான்.

மேல்கையை அப்படியே வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் திருப்பி உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும்படி செய்யுங்கள். மேல்கை ஒரு பக்கமும் முன்கை எதிர்ப்பக்கமும் திரும்புவது முதலில் குழப்பமாக இருக்கும். சரி, அவசரம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

சரியான இரண்டாம் நிலையில் தோளைவிட முழங்கை சற்றுத் தாழ்ந்தும், முழங்கையைவிட மணிக்கட்டு சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். தோளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது எங்கும் தேங்காமல் நடுவிரல் நுனி வரை வழிந்து போக வேண்டும். முழங்கை தொங்கினால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். மணிக்கட்டு தூக்கியிருந்தால் அதைத் தாண்டாது. கை உடம்புக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். நேராகப் பார்த்துக்கொண்டே, கடைக்கண்ணில் இரண்டு கையும் தெரியும் இடம்தான் எல்லை.

பரதநாட்டியம் கற்ற பிள்ளைகளுக்கு இந்தப் படி சுலபம். நாட்டியாரம்பத்தில், அதாவது கை விரித்து நிற்கும் தொடக்க நிலையில், முழங்கையைத் தோள் மட்டத்தில் நிறுத்தி நிறுத்திப் பழகிய முதுகு அது. மற்றவர்கள் ஆறு மாதம் போராடி அடையும் பிடிப்பு அவர்களிடம் ஏற்கனவே இருக்கும். அதிலிருந்து இந்த மெல்லிய சரிவை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: மணிக்கட்டும் விரலும்

கையை உடம்போரமாகத் தொங்கவிட்டு நன்றாக உதறுங்கள். உதறி நிறுத்தியதும் விரல்கள் தாமாக எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். ஆள்காட்டி விரல் சற்று நீண்டும், நடுவிரல் கொஞ்சம் உள்ளே வளைந்தும், கட்டைவிரல் நடுவிரலை நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். கிட்டத்தட்ட அதுதான் பாலேயின் கை. அதை அப்படியே மேலே எடுத்துச் செல்வதுதான் வேலை. வாகனோவா முறை என்ற ரஷ்யப் பயிற்சி முறையில் ஆரம்பப் பிள்ளைகளைக் கட்டைவிரலும் நடுவிரலும் தொடும்படி வைக்கச் சொல்வார்கள். விரல் சிதறாமல் இருக்க அது நல்ல வழி. பழகியதும் விட்டுவிடலாம்.

பரதப் பிள்ளைகள் கொஞ்சம் அசந்தாலும் விரல் பதாகமாக (விரல்கள் சேர்ந்து நீண்ட முத்திரை) ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கட்டைவிரல் விறைத்து நிற்கும். திட்டத் தேவையில்லை. அவர்களுக்கு விரல் என்றால் சொல். பாலேயில் பொதுவாக விரல் தனியாக ஒரு சொல்லைச் சொல்வதில்லை, முதுகில் தொடங்கிய அசைவு வெளியே போகும் கடைசி இடம் அது. நடுவிரலில் கவனத்தை வைத்து, அது வழியாகக் கை நீள்வதாக நினைத்தால் மற்ற விரல்கள் பின்னால் வரும். மணிக்கட்டு மட்டும் உடையக் கூடாது. கை மேலே போகும்போது மணிக்கட்டு முதலில் ஏறி விரல்கள் பின்னால் தொங்கிக்கொண்டு வருவதை நிறையப் பேர் நளினம் என்று நினைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோடு அந்த இடத்தில் அறுந்து தெரியும்.

நிலைகளின் பெயர்கள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் பார்த்துப் பயில்பவர்களைக் குழப்புவது இதுதான். கைகள் முன்னால் வளைந்து, தொப்புளுக்கும் மார்பெலும்பின் அடிமுனைக்கும் நடுவில் நிற்கும் நிலையை வாகனோவா முறையில் முதல் நிலை என்பார்கள். செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசிரியரின் முறையில் அது ஐந்தாம் நிலையின் முன்வடிவம். தலைக்கு மேலே வளைந்த கை வாகனோவாவில் மூன்றாம் நிலை, லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் பாடத்திட்டத்தில் ஐந்தாம் நிலை. யாரும் தவறில்லை. உங்கள் ஆசிரியர் எந்த முறையோ அதன் பெயர்களையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் கீழே வளைந்து தொடைக்கு முன்னால் நிற்பதைக் கீழ்நிலை என்றும், மற்றவற்றை முன்நிலை, பக்கநிலை (மேலே சொன்ன இரண்டாம் நிலை), மேல்நிலை என்றும் சொல்கிறேன்.

மேல்நிலையில் கை எவ்வளவு பின்னால் போகலாம்? தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் சுண்டுவிரல் ஓரங்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிகம் பின்னால் போய்விட்டது.

நான்காம் படி: வழி

இதுவே இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. கீழ்நிலை, முன்நிலை, மேல்நிலை, பக்கநிலை, மறுபடி கீழ்நிலை. எல்லாப் பள்ளிகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும் அடிப்படைச் சுற்று இது. மெதுவான மூன்று தட்டு இசையில், ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்பே மூச்சு தொடங்கட்டும். மூச்சு உள்ளே போகும்போது விரல்கள் லேசாக வெளியே மலர்ந்து திரும்பும். இதைப் பார்ப்பவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

ஒன்று, இரண்டு: கீழ்நிலையிலிருந்து முன்நிலை. கையைத் தூக்குவது மேல்கை, முன்கை அதனோடு கூட வருகிறது. முழங்கை பக்கவாட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். அது தொங்கினால், கும்பிடுவதற்குக் கை கொண்டு வருவதுபோல் ஆகிவிடும். கண் இரண்டு கைக்கும் நடுவே பார்க்கட்டும், தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

மூன்று, நான்கு: முன்நிலையிலிருந்து மேல்நிலை. வளைவின் அளவு மாறாமல் அப்படியே மேலே போக வேண்டும். முகத்தைக் கடக்கும்போது பலருக்குக் கை குறுகும், இரண்டு கையும் நெருங்கிவிடும். அந்த இடத்தில் காறை எலும்பை அகலமாக நினைத்துக்கொள்ளுங்கள். கண் கையோடு ஏறும், பிடரி மடங்கக் கூடாது.

ஐந்து, ஆறு: மேல்நிலையிலிருந்து பக்கநிலை. நான்கில் கடினமானது இதுதான். கை திறக்கும்போது பின்னால் சரியப் பார்க்கும், விலா வெடிக்கும், முழங்கை முன்னதாக இறங்கிவிடும். முழங்கையை மேலேயே நிறுத்திக்கொண்டு, சுண்டுவிரல் ஓரம் வழிகாட்டத் திறந்தால் கை முன்பக்கமாகவே வட்டமிட்டு இறங்கும். உள்ளங்கை ஒரே நொடியில் திரும்பக் கூடாது, வழி முழுவதும் பங்கிட்டுத் திரும்ப வேண்டும். கண் வலது கையைத் தொடரட்டும்.

ஏழு, எட்டு: பக்கநிலையிலிருந்து கீழ்நிலை. ஒரு சின்ன மூச்சு எடுத்து, உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி, விரல் நுனி வரை நீளுங்கள். இதுதான் அலோன்ஜே. அப்புறம் முதலில் முழங்கை இறங்கும், அதன் பின் மணிக்கட்டு, கடைசியில் விரல். கை தொடையில் போய் மோதாமல் கொஞ்சம் முன்னாலேயே வளைந்து அடங்க வேண்டும். இசை முடியும் கணமும் விரல் அடங்கும் கணமும் ஒன்றாக இருக்கட்டும்.

எட்டு எண்ணிக்கையிலும் கை எங்கும் நின்றிருக்கக் கூடாது. நிலைகளைக் கடந்து போகிறோம், அவற்றில் நிற்பதில்லை. ஐந்து புகைப்படங்களை வரிசையாகக் காட்டியதுபோல் ஆடும் பிள்ளைகள் நிறைய உண்டு. நடுவில் உள்ள தூரத்தை ஆடத் தெரிந்ததும் அதே பிள்ளைகள் வேறு ஆளாகத் தெரிவார்கள்.

இது சரளமானதும் இரண்டு கையும் வெவ்வேறு வழியில் போகும் பயிற்சிக்கு வாருங்கள். இடது கை மேலே, வலது கை பக்கத்தில். இடது திறந்து பக்கத்துக்கு வரும்போது வலது மேலே போகட்டும். பிறகு இடது கீழே இறங்கி முன்நிலைக்கு ஏற, வலது மேலிருந்து நேராக முன்நிலைக்கு இறங்கி, இரண்டும் அங்கே சந்திக்க வேண்டும். இடது கைக்கு வழி நீளம், வலது கைக்குக் குறைவு. எனவே இடதை முன்னதாகக் கிளப்பி, வலதைக் காக்க வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் கிளம்பினால் வலது வந்து சும்மா நிற்கும். கையை இசைக்குள் வைக்கக் கற்பது இங்கேதான்.

வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்தால், பிடிக்கும் கை உடம்புக்குச் சற்று முன்னால், இறுக்கமில்லாமல் இருக்கட்டும். சன்னல் திட்டு சில வீடுகளில் உயரமாக இருக்கும். அதைப் பிடித்தால் அந்தப் பக்கத் தோள் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: கண், தலை, தோளின் திசை

பரதத்தில் கை போன வழி கண் போக வேண்டும் என்று முதல் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். பாலேயிலும் கண் கையோடு போகிறது. ஆனால் பெரும்பாலும் விரல் நுனியைத் தாண்டி இன்னும் தூரம் போகிறது. பார்வை விரலிலேயே நின்றால் கோடு அங்கே முடிந்துவிடும். இதற்கு மலை ஒரு நல்ல வகுப்பறை. டால்பின் நோஸில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் காதரீன் அருவி தெரியும் இல்லையா, அந்தத் தூரத்துக்குப் பார்வையை அனுப்பப் பழகுங்கள். வீட்டுச் சன்னலுக்கு எதிரே உள்ள தேயிலைச் சரிவு போதும். ஒரு சில்வர் ஓக் மரத்தைக் குறி வைத்து, விரல் வழியாக அதைப் பாருங்கள். மூடுபனி இறங்கி மரம் மறைந்த நாளிலும் பார்வை அதே தூரம் போக வேண்டும்.

இனி எப்போல்மான். இடுப்பு ஒரு திசையில் இருக்க, மேல் உடம்பும் தலையும் லேசாக வேறு திசைக்குத் திரும்புவது. க்ருவாசே (பார்ப்பவருக்குக் கால்கள் குறுக்காகத் தெரிவது), எஃபாசே (கால்கள் திறந்து தெரிவது) என்ற திசைகளில் உடம்பு மூலையைப் பார்க்கும்போது இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் ஆடுகிறவர் பலகைபோல் தெரிவார். தோளை மட்டும் முன்னே தள்ளாதீர்கள். மார்பெலும்பு திரும்பினால் தோள் கூடவே வரும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு பயின்றால் தலை எப்போதும் நேராகவே இருந்துவிடும். அதனால் இந்தப் பயிற்சியைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிச் செய்யுங்கள்.

ஆறாம் படி: மூச்சு

குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. இங்கேயே வளர்ந்தவர்களுக்கு இது உறைக்காது. விடுமுறைக்குக் கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து பயில்பவர்களுக்கு முதல் சில நாள் மூச்சு வாங்கும். அப்போது மேல்மார்பில் மூச்சிழுப்பார்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறும், கை அதோடு குலுங்கும். உள்ளங்கைகளை விலாவின் இரு பக்கத்தில் வைத்து, மூச்சு அந்தக் கைகளை வெளியே தள்ளும்படி எடுங்கள்.

கையைத் திறக்கும்போதும் ஏற்றும்போதும் மூச்சு உள்ளே, இறக்கும்போதும் மூடும்போதும் வெளியே என்று தொடங்குங்கள். பிறகு அதைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட அடாஜியோவில் (மெதுவான ஆட்டப் பகுதியில்) ஒரு கை வீச்சுக்குள் இரண்டு மூச்சு வரலாம்.

கோத்தகிரி பக்கம் ஹெத்தை அம்மன் பண்டிகையில் படுகர்கள் வட்டமாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் அடி சின்னது, கை வீச்சும் பெரிதில்லை. ஆனாலும் அத்தனை பேர் கையும் ஒரே மூச்சில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும். உடம்பு சாயும், அந்தச் சாய்வில் கை கிளம்பும். யாரும் கையைத் தனியாகத் தூக்குவதில்லை. என் மாணவிகளில் படுகப் பிள்ளைகளிடம், “பண்டிகையில எப்படி ஆடுவியோ, அந்தக் கையை ஒரு தரம் ஆடிக் காட்டு கண்ணு” என்பேன். ஆடிக் காட்டியதும், அதே முதுகோடு பாலேயின் பக்கநிலைக்குக் கையைத் திறக்கச் சொல்வேன். நான் பல வாரம் விளக்கியும் வராதது அந்த ஒரு மாற்றத்தில் வந்துவிடும்.

ஏழாம் படி: காலோடு சேர்ப்பது, அரபெஸ்கின் கோடு

தனியாக நன்றாக வந்த கை, கால் வேலை சேர்ந்ததும் விறைத்துவிடும். இது எல்லோருக்கும் நடக்கிறது. தொந்துவில் ஆரம்பியுங்கள். கால் பக்கவாட்டில் நீளும்போது கை பக்கநிலைக்குத் திறக்கட்டும். கை ஒரு மூச்சு முன்னால் கிளம்பலாம், ஆனால் கால்விரல் நுனியும் கைவிரல் நுனியும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். அடுத்து பிளியேயில் கை கீழ்நிலைக்கும், ரெலவேயில் முன்நிலைக்கும் வரட்டும். குதிப்புகளில் கை முன்நிலை வழியாகப் போவது அழகுக்கு மட்டுமில்லை. சரியான நேரத்தில் ஏறும் கை உடம்பையும் மேலே எடுத்துச் செல்லும்.

அரபெஸ்கில், அதாவது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டும் நிலையில், பின்கால் விரலிலிருந்து முன்கை விரல் வரை ஒரே கோடு ஓட வேண்டும். வாகனோவா முறையில் நான்கு அரபெஸ்க், செக்கெட்டியில் ஐந்து. எதுவானாலும் உள்ளங்கை தரையைப் பார்க்கும், முழங்கை நீண்டும் பூட்டப்படாமலும் இருக்கும். கால் உயரம் கிடைக்கவில்லை என்று கையை மேலே தூக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். முன்தோள் ஏறி, கழுத்து மறைந்து, கோடு குட்டையாகிவிடும். கால் 45 பாகையில் இருந்தாலும், கை முன்னால் நீண்டு பார்வை அதைத் தாண்டிப் போனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நீளமான அரபெஸ்க். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: எந்தக் கதை, எந்தக் கை

ஒரே கை எல்லா ஆட்டத்துக்கும் ஆகாது. டென்மார்க்கின் பூர்னோன்வில் மரபில் கால் விறுவிறுவென்று வேலை செய்யும்போதும் கை பெரும்பாலும் தாழ்வாக, அமைதியாக இருக்கும். 1841-ல் பாரிஸில் முதலில் ஆடப்பட்ட ஜிசெல் என்ற பாலேயில், இரண்டாம் அங்கத்தின் ஆவிப் பெண்கள் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து வருவார்கள். அங்கே கையில் எடையே தெரியக் கூடாது. 1890-ல் நடன அமைப்பாளர் பெதிபா அமைத்த தூங்கும் அழகி (ஸ்லீப்பிங் பியூட்டி) பாலேயில், ரோஸ் அடாஜியோவில் அரோரா ஒற்றைக் காலில் நின்றபடி ஒவ்வொரு இளவரசனின் கையையும் விட்டுவிட்டுத் தன் கையை மேல்நிலைக்குக் கொண்டு போவாள். அந்தக் கை நடுங்காமல் போனால்தான் அவள் இளவரசி.

எல்லாப் பிள்ளைகளும் கேட்பது அன்னப் பறவையின் கையைத்தான். 1895-ல் அன்ன ஏரி (ஸ்வான் லேக்) பாலேயில் அன்னப் பெண்கள் வரும் வெள்ளை அங்கங்களை அமைத்தவர் லெவ் இவானோவ். அந்தச் சிறகசைவு தோள்பட்டை எலும்பில் தொடங்கி, மேல்கை, முழங்கை, மணிக்கட்டு என்று அலையாகப் போய் விரலில் முடிகிறது. மேலே சொன்ன முதல் நான்கு படிகளும் உடம்பில் ஊறாதவர்கள் அதைச் செய்தால் மணிக்கட்டை மட்டும் ஆட்டுவார்கள். அவசரப்பட்டுக் கற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பாலே கற்றால் பரதம் கெட்டுவிடுமா என்று தாய்மார்கள் கவலையோடு கேட்கிறார்கள். 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். நம் மரபைத் தேடும்படி அவரை ஊக்கப்படுத்தியதும் பாவ்லோவாதான். இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாக அடுக்காமல் இருந்தால் போதும். பரதத்தின் அரைமண்டியிலிருந்து (முழங்கால் மடித்த நிலை) எழுந்த உடம்புக்குப் பாலேயின் கைக்கு மாற நேரம் வேண்டும்.

சரிபார்ப்பதும், எப்போது நிறுத்துவதும்

வாரம் ஒரு முறை மொபைலை மார்பு உயரத்தில் நிறுத்தி, ஒரு சுற்றை முன்பக்கமிருந்தும் ஒரு சுற்றைப் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடியுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் தடவை முழங்கையை மட்டும், அடுத்த தடவை கண்ணை மட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும், ஒன்றும் திருந்தாது. எழுதும் கை பெரும்பாலும் வேகமாகவும் மற்றது சோம்பலாகவும் இருக்கும். சோம்பல் கைக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள்.

கை தூக்கும்போது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினாலோ, விரலில் மரமரப்பு வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். தசை களைத்து எரிவது வேறு, இது வேறு.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து, வகுப்பு இல்லாமல் போகும் வாரங்கள் வரும். அந்த நாட்களுக்கு நாற்காலிப் பயிற்சியே போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்விளிம்பில், இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். இடுப்பும் காலும் அசையாததால் முதுகு செய்யும் வேலை துல்லியமாகத் தெரியும். அடிப்படைச் சுற்று நான்கு, கைகள் வெவ்வேறு வழியில் போவது நான்கு, பார்வையோடு மறுபடி நான்கு. இசை இல்லாவிட்டாலும் உங்கள் மூச்சையே எண்ணிக்கையாக வைத்துக்கொண்டு செய்யலாம். கரண்ட் போன மாலையிலும் செய்யலாம்.